கொரில்லா உடையும் சோப்புக் கட்டியும்

2017 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டன் மாரத்தானில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேரோடு ஒரு கொரில்லாவும் கிளம்பியது. உடைக்குள் இருந்தவர் 41 வயதுப் போலீஸ்காரர். கையையும் முட்டியையும் தரையில் ஊன்றித் தவழ்ந்தார். கூடக் கிளம்பியவர்கள் அன்றே பதக்கத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். இவர் திங்கட்கிழமையும் தவழ்ந்தார், செவ்வாய்க்கிழமையும் தவழ்ந்தார். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வரை தார்ச்சாலையில். இரவானால் நண்பர்கள் வீட்டில் படுக்கை. முட்டி இரண்டும் தேய்ந்து இனி ஊன்ற முடியாது என்றானதும், முட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளங்கையாலும் பாதத்தாலும் நகர்ந்தார். சனிக்கிழமை, 42 கிலோமீட்டரும் முடியப்போகும் இடத்தில், அவருடைய மகன்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கோட்டைத் தாண்டியதும் இரு கையாலும் மார்பில் அறைந்துகொண்டார், கொரில்லா செய்வதைப் போலவே.

திரண்ட தொகை சுமார் 26,000 பவுண்டு.

பணம் போனது லண்டனிலுள்ள ‘கொரில்லா ஆர்கனைசேஷன்’ என்ற அமைப்புக்கு. அதே அமைப்பு 2003-ல் தொடங்கிய ‘கிரேட் கொரில்லா ரன்’ என்ற ஓட்டம் ஒரு திருவிழா. பதிவுக் கட்டணம் கட்டினால் கறுப்பு ரோம உடையும் முகமூடியும் கைக்கு வரும். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர், ஓய்வுபெற்றவர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் அதை மாட்டிக்கொண்டு லண்டன் நகரத் தெருக்களிலும் தேம்ஸ் நதிக்கரையிலும் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுவார்கள். சிலர் ரோமத்துக்கு மேல் குட்டைப் பாவாடையும் கட்டியிருப்பார்கள். உடைக்குள் வியர்வை ஊற்றும். முகமூடியின் கண் துவாரத்தில் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் சரியாகத் தெரியாது. சொந்தக்காரர், அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் கேட்டு ஓடுகிறவர் வாங்கிவந்த சிறு சிறு தொகைகள்தான் நன்கொடை. உடையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

வேடம் கட்டி ஓடினால் ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு கொரில்லா பிழைத்துவிடுமா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிழைக்கும். மனிதக் குரங்கு இனங்களில் எண்ணிக்கை கூடிவருவது மலைக் கொரில்லா ஒன்றுதான், அதன் கதையில் இப்படித் திரண்ட சில்லறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஓட்டத்தில் கலந்துகொள்பவர், நன்கொடைச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர், வேடிக்கை பார்க்க வந்து உண்டியலில் ஐந்து பவுண்டு போட்டுவிட்டுப் போகிறவர், மூவருக்கும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. இந்தக் காசு கடைசியில் யார் கையில் போய்ச் சேர்கிறது? கொரில்லாவைக் காக்கும் முயற்சியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாத சண்டை இதைப் பற்றித்தான்.

சண்டை தொடங்கியது ஒரு சாவில்.

1977 டிசம்பர் 31. ருவாண்டாவின் எரிமலைச் சரிவில் வேட்டையாட வந்த ஆறு பேரும் அவர்களுடைய நாய்களும் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நேரே வந்துவிட்டார்கள். குடும்பத்துக்குக் காவல் நின்ற இளம் ஆண் மறித்தது. அதன் பெயர் டிஜிட். ஒரு விரல் ஊனமாக இருந்ததால், விரல் என்று பொருள்படும் அந்தப் பெயர். உடம்பில் ஐந்து ஈட்டிக் குத்து வாங்கியும், சாவதற்குள் ஒரு நாயைக் கொன்றது. அதற்குள் மற்றவை தப்பிவிட்டன. தலையையும் இரண்டு கைகளையும் வெட்டி எடுத்துப் போனார்கள்.

டிஜிட்டைக் குட்டியாக இருந்த நாளிலிருந்து அறிந்தவர் டயான் ஃபாஸி. 1967-ல் கரிசோகே என்ற ஆய்வு முகாமை அந்த மலையில் அமைத்த அமெரிக்கப் பெண். அவர் 1978-ல் ‘டிஜிட் ஃபண்ட்’ என்ற நிதியைத் தொடங்கினார். லண்டன் ஓட்டத்தை நடத்தும் அமைப்பு அந்த நிதியின் வழியில் வந்ததுதான். ஃபாஸிக்குக் கணக்கு எளிது: வருகிற பணம் முழுக்கக் காட்டுக்குள் நடக்கும் காவலர்களின் கூலிக்கு. கண்ணியைத் தேடு, அறு, வைத்தவனைப் பிடி. மற்றதெல்லாம் ஏட்டுப் பாதுகாப்பு என்பது அவருடைய கட்சி.

அதே சமயத்தில் இன்னொரு வசூலும் நடந்தது. பிபிசியின் ‘லைஃப் ஆன் எர்த்’ தொடருக்காக 1978 ஜனவரியில் டேவிட் அட்டன்பரோ அங்கே போய் கொரில்லாக்களுக்கு நடுவே படுத்துக் கிடந்த காட்சி உலகப் புகழ் பெற்றது. டிஜிட் கொல்லப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்த நேரம். ஊர் திரும்பியவர் இங்கிலாந்தில் நிதி திரட்ட உதவினார். அந்தப் பணத்தில் 1979-ல் ‘மவுன்டன் கொரில்லா ப்ராஜெக்ட்’ பிறந்தது. அதில் முக்கியமானவர்கள் பில் வெபர், ஏமி வெடர் என்ற இளம் தம்பதி. வெடர் கொரில்லாவின் பின்னால் நடந்து அது என்ன தின்கிறது என்று குறித்தார். வெபர் மலையடிவார விவசாயிகளிடம் போய் உட்கார்ந்து பேசினார். காடு உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் மக்கள் நெருக்கம் மிக அதிகமான நாடு ருவாண்டா. உருளைக்கிழங்கு வயல் முடிகிற வரப்பில் காடு தொடங்கும். 1960-களின் கடைசியில், பூச்சிமருந்துக்கான பைரித்ரம் பூப் பயிரிட, கொரில்லாக்கள் வாழும் தேசியப் பூங்காவின் ஒரு பெரிய பகுதியை ஐரோப்பிய உதவித் திட்டம் ஒன்றின் பெயரால் வெட்டி எடுத்திருந்தார்கள். 1979 வாக்கில் மாட்டுப் பண்ணைக்காக இன்னும் 5,000 ஹெக்டேர் எடுக்கும் யோசனை அரசிடம் இருந்தது. மாட்டைவிடக் கொரில்லா வருமானம் தரும் என்று காட்டாவிட்டால் காடே மிஞ்சாது என்றார்கள் வெபரும் வெடரும். சுற்றுலாப் பயணிகளைச் சின்னச் சின்னக் குழுவாகக் கூட்டிப்போய்க் காட்டுவோம், பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவோம் என்றார்கள். ஃபாஸி கொதித்தார். டிஜிட்டின் சாவால் திரண்ட பணம் வேறு பக்கம் திருப்பப்படுகிறது என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1985 டிசம்பரில் தன் குடிலிலேயே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். டிஜிட்டின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் புதைத்தார்கள்.

யார் சொன்னது சரி? இரண்டுமே தேவைப்பட்டன என்பதை எண்ணிக்கை சொல்கிறது. 1981 கணக்கெடுப்பில், அந்த மலைகள் அடங்கிய விருங்கா எரிமலைத் தொடரில் எஞ்சியிருந்தவை 254. 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி விருங்காவும் உகாண்டாவின் ப்விண்டி காடும் சேர்ந்து 1,063 மலைக் கொரில்லாக்கள். 2018-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை அழிவின் கடைசி விளிம்பு என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏற்றியது. நடுவில் ருவாண்டாவின் 1994 இனப்படுகொலையும் காங்கோவின் போர்களும் நடந்தன. அதையெல்லாம் தாண்டி வந்த எண்ணிக்கை இது.

காவலர் கூலி என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு கண்ணியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கிளையையோ மூங்கிலையோ வளைத்து இழுத்து, நுனியில் கயிற்றுச் சுருக்கைக் கட்டி, சுருக்கை ஒரு குச்சியாலோ கல்லாலோ தரையோடு அழுத்தி வைப்பார்கள். மேலே இலைதழை. மானின் கால் பட்டு அந்தக் கல் அசைந்தால் கிளை விருட்டென்று நிமிரும், சுருக்கு இறுகும். மானுக்கு வைத்ததுதான். ஆனால் அது மானா கொரில்லாக் குட்டியா என்று கயிற்றுக்குத் தெரியாது. பெரிய கொரில்லா பலத்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். குட்டியால் முடியாது.

2012-ல் கரிசோகே பகுதியில் ங்வினோ என்ற குட்டி இப்படிச் சிக்கியது. உதறி உதறித் தோள் நழுவியது, கயிறு வெட்டிய கால் அழுகியது, இறந்துபோனது. சில நாளில் அதே குடும்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணியைத் தடம் பார்ப்பவர் ஒருவர் கண்டார். அகற்றப் போனவரை, முதுகு முடி நரைத்த வளர்ந்த ஆணான ‘வெள்ளிமுதுகு’ உறுமி நிறுத்தியது. அவர் நின்றார். அப்போது நாலு வயதுக் குட்டிகள் இரண்டு, ர்வேமாவும் டுகோரேயும், ஓடி வந்தன. ஒன்று வளைந்த கிளைமேல் ஏறிக் குதித்து அதை முறித்தது. மற்றது சுருக்கை அவிழ்த்தது. பக்கத்தில் இன்னொரு கண்ணி இருந்ததை அவரே கவனித்திருக்கவில்லை. குட்டிகள் கவனித்தன, அதையும் கலைத்தன.

உலகமே இந்தச் செய்தியைக் கொண்டாடியது, நியாயம்தான். குட்டிகள் எல்லாக் கண்ணியையும் கலைக்காது என்பதால்தான் மனிதர்கள் மழையிலும் செந்தட்டி அடர்ந்த சரிவிலும் நாள்தோறும் நடக்கிறார்கள். புகைப்படத்தில் வராத வேலை. ஓட்டத்தில் திரட்டிய பவுண்டு அவர்களுடைய பூட்ஸாகவும் மாதக் கூலியாகவும் மாறினால் அது வீண்போகாத காசு.

இந்த வேலைக்கு நன்கொடை எதற்கு, சுற்றுலா வருமானமே போதாதா என்று கேட்கலாம். ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க 1,500 டாலர் கட்ட வேண்டும். 2017-ல் 750-லிருந்து ஒரே தாவலில் இரட்டிப்பாக்கினார்கள். பூங்கா வருமானத்தில் பக்கத்துக் கிராமங்களின் பங்கு அதே ஆண்டில் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், காட்டெருமை வயலில் இறங்காமல் தடுக்க எழுபது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கல் சுவர். காட்டெருமை ஓர் இரவில் மிதித்துப் போட்ட உருளைக்கிழங்கு வயலின் சொந்தக்காரரிடம் போய்க் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்தச் சுவருக்குப் பிறகு சொல்லலாம். பழைய கள்ள வேட்டைக்காரர்கள் பலர் இன்று சுமை தூக்குபவர்களாகவும் ஆட்டக் கலைஞர்களாகவும் பிழைக்கிறார்கள்.

ஆனால் சுற்றுலாப் பணம் பயணியோடு வரும், பயணியோடு போகும். 2020 மார்ச்சில் கொரோனாவால் உகாண்டா பூங்காக்களின் கதவு மூடியது. ஜூன் தொடக்கத்தில் ப்விண்டியில் ரஃபிகி என்ற வெள்ளிமுதுகுக் கொரில்லா ஈட்டி குத்தி இறந்து கிடந்தது. பதினேழு பேர் கொண்ட குடும்பத்தின் தலைவன். பிடிபட்டவர், சிறு மிருகம் வேட்டையாடப் போனோம், அது பாய்ந்தது, தற்காப்புக்குக் குத்தினேன் என்றார். காட்டுப் பன்றியும் சிறு மானும் கொன்ற குற்றங்களையும் சேர்த்து நீதிமன்றம் 11 ஆண்டு சிறை விதித்தது. தண்டனையில் தவறில்லை. ஆனால் கறிக்காகக் காட்டுக்குள் போகிறவனின் வீட்டில் அந்த மாதம் என்ன வருமானம் இருந்திருக்கும் என்று கேட்காமல் தண்டனையோடு கதையை முடிப்பது, அடுத்த ரஃபிகியைக் கைவிடுவதாகும். உகாண்டாவில் கொரில்லா பார்க்கும் கட்டணம் 600, பிறகு 700 டாலர் என்று ஏறிக்கொண்டே போனபோதும், அந்தச் சீட்டிலிருந்து பக்கத்துக் கிராமங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது நெடுங்காலம் 10 டாலர்தான்.

இன்னும் கசப்பான ஒரு கணக்கு இருக்கிறது. ப்விண்டி 1991-ல் தேசியப் பூங்கா ஆனபோது, அந்தக் காட்டையே வீடாகக் கொண்டிருந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் சிறு வேட்டையாடியும் பல தலைமுறை வாழ்ந்தவர்கள், நிலமில்லாத கூலிகளாகப் பிறர் வயலோரம் ஒதுங்கினார்கள். கொரில்லா பிழைத்தது, அதோடு வாழ்ந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம் 2021-ல் அவர்களுக்குப் பரிகாரம் தேவை என்பதை ஏற்றது. முப்பது ஆண்டு கழித்து. காட்டு உயிர்களுக்காக நிதி திரட்டும் எந்த மேடையிலும் பட்வா மக்களின் பெயர் ஒரு முறையாவது ஒலிக்க வேண்டும். லண்டன் அமைப்பு பட்வா குடும்பங்களுக்கு விவசாயப் பயிற்சி தரும் வேலையையும் செய்துவருகிறது. இது கொரில்லாவுக்குச் செலவழித்த பணம் அல்லவே என்று ஒரு நன்கொடையாளர் முகம் சுளித்தால், அவருக்குப் பதில் ப்விண்டியிலேயே இருக்கிறது.

1996. அங்கே ஒரு கொரில்லாக் குடும்பத்தில் முடி கொட்டித் தோல் வெளுத்து, எல்லாமே சொறிந்துகொண்டே இருந்தன. பார்க்கப் போனவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, உகாண்டா வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவர், இருபதுகளின் நடுவில் இருந்தார். என்ன நோய் என்று பிடிபடவில்லை. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் நண்பரிடம் கேட்டார்: இங்கே மக்களுக்கு அதிகமாக வரும் தோல் நோய் எது? சிரங்கு என்று பதில் வந்தது. சோதித்தால் அதேதான். வாழைத் தோட்டத்தில் கொரில்லாவை விரட்ட நட்டுவைத்த பொம்மைகளுக்கு மாட்டியிருந்த அழுக்குத் துணியிலிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். மருந்து கொடுத்ததில் மற்றவை தேறின, ஒரு குட்டி இறந்துவிட்டது.

துவைக்க சோப்பும் தண்ணீரும் இல்லாத வீட்டின் சட்டை, காட்டில் ஒரு குட்டியைக் கொன்றது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. கலேமா-சிகுசோகா 2003-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் தொண்டர்கள் கிராமத்தார்தான். வீடு வீடாகப் போய்க் கைகழுவும் ஏற்பாடு, காசநோய்ச் சோதனை, குடும்பக் கட்டுப்பாடு என்று பேசுகிறார்கள், கூடவே கொரில்லா தோட்டத்துக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும். காப்பி பயிரிடும் விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்க 2015-ல் தனியாக ஒரு காப்பி நிறுவனமும் தொடங்கினார். தன் தோட்டத்துக் காப்பிக்கு விலை கிடைப்பவன் கண்ணி கட்டப் போக மாட்டான் என்ற நம்பிக்கை அது.

லண்டன் தெருவில் ஓடுகிற கறுப்பு உடைக்கும் ப்விண்டி கிராமத்தின் சோப்புக் கட்டிக்கும் உள்ள தொடர்பு இங்கேதான். சுற்றுலாப் பயணியின் 1,500 டாலர், கொரில்லா முகம் காட்டும் இடத்துக்கே முதலில் போகும். அரசுகள் தரும் பெரிய நிதிகளுக்குத் திட்ட அறிக்கை, காலக்கெடு, திறப்பு விழா எல்லாம் வேண்டும். ஊர்க்காரர்கள் கூடிப் போட்ட சில்லறைக்கு அந்தத் தளை எதுவும் இல்லை. பயணி வராத மாதத்திலும் அது வரும், சிரங்கு மருந்துக்கும் பூட்ஸுக்கும் விதைக்கும் போகலாம். அதனால்தான் இப்படிப்பட்ட வசூலைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது. 2017-ல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வின்படி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட குரங்கினங்களில் 60 சதவீதம் அழியும் அபாயத்தில் இருக்கின்றன, 75 சதவீதத்தின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்க எந்தப் பயணியும் 1,500 டாலர் கட்டப்போவதில்லை. அவற்றுக்கு இருக்கிற ஒரே வாய்ப்பு, யாரோ நாலு பேர் ஒரு மண்டபத்திலோ தெருவிலோ கூடி உண்டியல் வைப்பது.

இந்தக் கூட்டங்களில் ஒன்று மாற வேண்டும் என்று தோன்றுகிறது. மேடையில் எப்போதும் கொரில்லாவின் கண்தான் பெரிதாகத் தெரிகிறது. குட்டியின் படம், தத்தெடுப்புச் சான்றிதழ், பொம்மை. கண்ணி வைத்தவனின் வீட்டுப் படம் அங்கே இல்லை, கண்ணி அறுப்பவரின் சம்பளச் சீட்டும் இல்லை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் எழுதினால் பெயரோடு நோட்டில் ஏறும், யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அந்தத் தெளிவு பத்து பவுண்டு போட்டவருக்கும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்பதால் நல்ல காரியத்தின் மேல் சந்தேகம் என்று ஆகிவிடாது. ஃபாஸியும் வெபரும் கடும் பகையோடு கேட்டதை நன்கொடையாளர் அன்போடு கேட்கலாம்.

உடையைத் துவைத்து மடித்து வைத்திருப்பவர் மறுபடியும் ஓட வருவார். பதிவு மேசையில் அவருக்கு எண் அட்டையோடு இன்னொரு தாளையும் கொடுக்கலாம்: போன முறை திரண்ட பணத்தில் எத்தனை கண்ணி அறுக்கப்பட்டது, எத்தனை காவலருக்கு எத்தனை மாதக் கூலி, எத்தனை பட்வா குடும்பத்துக்கு விதை, எந்த ஊரில் எத்தனை வீட்டு வாசலில் கைகழுவத் தண்ணீர். அதைப் படித்து மடித்து ரோம உடைக்குள் செருகிக்கொண்டு அவர் ஓடட்டும்.